கிருமி தட்டும் கதவு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. என்னும் கிருமியைப் பற்றிப் பேசப் போகிறேன். தயவுசெய்து வானொலிப் பெட்டியை அணைத்துவிடாதீர்கள். அந்தக் கிருமி மனித உடலின் உயிரணுவுக்குள் எப்படி நுழைகிறது, எந்தக் கதவு வழியாக நுழையும் என்பதைக் கணிப்பொறியின் துணைகொண்டு மருத்துவர்கள் எவ்வாறு முன்கூட்டியே அறிந்துகொள்கிறார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இதை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய ஒரு தோட்டத்தில், பட்டணத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் நோயுற்றுத் தம் தாயாரிடம் திரும்பி வந்தார். என்ன நோய் என்பது ஒரு வாரத்துக்குள் லயமெங்கும் பரவிவிட்டது. அந்த அம்மா மகனைக் கைவிடவில்லை. ஆனால், அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு குவளை, ஒரு பாய் என்று தனியே ஒதுக்கி, வீட்டின் பின்கட்டில் வைத்துவிட்டார். பேரப்பிள்ளைகள் மாமன் பக்கமே போகக்கூடாது என்று கட்டளை. அந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருத்தி என் வகுப்பு மாணவி. ஒருநாள் அந்த அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து, “வாத்தியாரய்யா, அவன் குடிச்ச குவளையிலே பிள்ளைங்க குடிச்சா ஒட்டாதுன்னு ஆஸ்பத்திரியிலே சொல்றாங்களே, ஏன் ஒட்டாது?” என்று கேட்டார்.

“ஒட்டாதும்மா, பயப்படாதீங்க” என்றேன். “அதான், ஏன்?” என்றார். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவன். பல ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தியவன். ஆனாலும், “அப்படித்தான் படித்தவர்கள் சொல்கிறார்கள்” என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. காரணம் சொல்லாத பதிலை யார்தான் நம்புவார்கள்? குவளை பின்கட்டிலேயே இருந்தது.

அன்று சொல்ல முடியாமற்போன பதிலைத் தேடிப் படித்தபோது நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இந்தக் கிருமி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 1981ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த ஒரு விநோதமான நுரையீரல் நோயைப் பற்றிய அறிக்கை வெளியாயிற்று. உடலின் எதிர்ப்புச் சக்தி அடியோடு குன்றியவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நோய் அது. எய்ட்ஸ் பற்றி மருத்துவ உலகம் அறிந்தது அப்போதுதான். 1983ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரின் பாஸ்டர் ஆய்வுக் கழகத்தில் பிரான்சுவா பாரே-சினூசி என்னும் அம்மையாரும் லுக் மோந்தான்யே என்பவரும் தம் குழுவினருடன் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தனர். அதற்காக 2008ஆம் ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் மலேசியாவில் முதல் எய்ட்ஸ் நோயாளி கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில்.

இந்தக் கிருமி எவ்வளவு சிறியது தெரியுமா? ஏறத்தாழப் பத்தாயிரம் கிருமிகளை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். வடிவத்தில் ரம்புத்தான் பழத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால், மயிரெல்லாம் உதிர்ந்து, பத்துப் பதினான்கு மட்டுமே மிஞ்சி நிற்கும் ரம்புத்தான்! அந்த முட்கள்தாம் கிருமியின் சாவிகள். ஒவ்வொரு முள்ளும் புரதத்தால் ஆனது. வெளியே தெரியும் பகுதிக்கு ஜி.பி.120 என்றும், அடியில் மறைந்திருக்கும் பகுதிக்கு ஜி.பி.41 என்றும் பெயர். ஒரு முள்ளில் இவை ஒவ்வொன்றிலும் மும்மூன்று இருக்கும்.

கிருமிக்குத் தானாக வாழவோ பெருகவோ தெரியாது. ஒரு மனித உயிரணுவுக்குள் புகுந்து, அங்குள்ள பண்டங்களைக் கொண்டே தன்னைப்போல ஆயிரக்கணக்கில் படியெடுத்துக்கொள்ளும். உள்ளே புக முடியாவிட்டால் அது வெறும் தூசு. ஆகவே, கதவு திறக்குமா திறக்காதா என்பதே எல்லாவற்றுக்கும் மூலம்.

அந்தக் கதவு எங்கே இருக்கிறது? நம் இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் ஒருவகை, உடலைக் காக்கும் படைக்குத் தண்டல் போன்றவை. பிரட்டுக் களத்தில் தண்டல் நின்று யார் யார் எந்த நிரைக்குப் போக வேண்டும் என்று ஆள் பிரித்து அனுப்புவதுபோல, எந்த நோய்க்கு எந்தப் படை போக வேண்டும் என்று இவை பணிக்கின்றன. இவற்றின் மேல்தோலில் சி.டி.4 என்னும் புரதம் இருக்கிறது. கிருமியின் முள் முதலில் பற்றிக்கொள்வது இந்த சி.டி.4 புரதத்தைத்தான். இலண்டனிலும் பாரிசிலும் இருந்த ஆய்வாளர்கள் 1984ஆம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்தார்கள். மருத்துவமனையில் “சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவு?” என்று கேட்பது இந்த அணுக்களைப் பற்றித்தான். நலமுள்ள ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை 500 முதல் 1,500 வரை இருக்கும். மருந்தில்லாமல் விட்டால் கிருமி இவற்றை அழித்துக்கொண்டே வரும். 200க்குக் கீழே போனால் அந்த நிலையைத்தான் எய்ட்ஸ் என்கிறோம். தண்டல் இல்லாத பிரட்டுபோல, உடலின் படை திசை தெரியாமல் நிற்கும். சாதாரண நோய்களும் உயிரைக் குடிக்கும்.

இப்போது கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை. மலேரியாவையும் டெங்கியையும் பரப்பும் கொசு, எச்.ஐ.வி. கிருமியை மட்டும் ஏன் பரப்புவதில்லை? கொசுவின் உடலில் சி.டி.4 என்னும் பூட்டு இல்லை. டெங்கிக் கிருமி கொசுவுக்குள் பெருகி, அதன் உமிழ்நீருக்கு வந்து சேர்கிறது. எச்.ஐ.வி. கிருமியோ கொசுவின் வயிற்றுக்குப் போனால், நுழைய ஒரு கதவும் கிடைக்காமல் செரித்துப் போகிறது. மேலும், கொசு நம்மைக் கடிக்கும்போது தன் உமிழ்நீரை இறக்குமேயன்றி, முன்பு குடித்த இரத்தத்தை இறக்குவதில்லை. பூட்டு இல்லாத இடத்தில் சாவிக்கு வேலையில்லை என்பது புரிகிறதல்லவா?

ஆனால் நேயர்களே, கதை இதோடு முடியவில்லை. 1986ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். எலியின் உயிரணுக்களில் மனிதனுடைய சி.டி.4 புரதத்தை வளரச் செய்தார்கள். கிருமி வந்து அதைப் பற்றிக்கொண்டது. ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை! முன்வாசலைத் திறந்துவிட்டும் கூடத்துக்குள் வர இயலாத விருந்தாளிபோல வாசலிலேயே நின்றது. அப்படியானால் மனித உயிரணுவில் இன்னொரு கதவு இருக்க வேண்டும். அது எது?

அதைக் கண்டுபிடிக்கப் பத்தாண்டுகள் ஆயின. 1996ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகத்தில் எட்வர்டு பெர்கர் என்பவரின் குழு ஒரு கதவைக் கண்டது. அதன் பெயர் சி.எக்ஸ்.சி.ஆர்.4. அதே ஆண்டில் பல ஆய்வுக்கூடங்கள் மற்றொரு கதவைக் கண்டன. அதன் பெயர் சி.சி.ஆர்.5. இந்த நீண்ட பெயர்களை விட்டுவிட்டு, நாம் நான்காம் கதவு, ஐந்தாம் கதவு என்றே சொல்லிக்கொள்வோம். இவை கிருமிக்காக அமைந்த கதவுகள் அல்ல. “இங்கே காயம் பட்டிருக்கிறது, இங்கே வீங்கியிருக்கிறது, இங்கே வா” என்று உடலுக்குள் வரும் செய்திகளை வாங்கிக்கொள்வதற்காக உயிரணு வைத்திருக்கும் வாயில்கள். கிருமி அவற்றைக் களவாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

நுழைவது இப்படித்தான். முள்ளின் ஜி.பி.120 பகுதி முதலில் சி.டி.4 புரதத்தைப் பற்றுகிறது. பற்றியதும் அதன் வடிவம் மாறுகிறது. மடங்கி மறைந்திருந்த ஒரு வளையம் வெளியே நீள்கிறது. அந்த வளையத்துக்கு வி3 என்று பெயர். வளையம் நான்காம் கதவையோ ஐந்தாம் கதவையோ தொடுகிறது. தொட்டவுடன், அடியில் ஒளிந்திருக்கும் ஜி.பி.41 மீன் குத்தும் ஈட்டிபோலப் பாய்ந்து உயிரணுவின் தோலில் தைக்கிறது. பிறகு அது மடங்கி, கிருமியையும் உயிரணுவையும் இழுத்து ஒட்டவைக்கிறது. இரண்டு எண்ணெய்த் துளிகள் ஒன்றாகக் கலப்பதுபோல இரண்டின் மேல்தோலும் கலந்துவிட, கிருமியின் உள்ளிருக்கும் சரக்கு உயிரணுவுக்குள் இறங்கிவிடுகிறது.

பெரும்பாலோர் உடலில் தொடக்க காலத்தில் இருக்கும் கிருமி ஐந்தாம் கதவைப் பயன்படுத்துவது. சிலரிடம் பல ஆண்டுகள் சென்றபின் நான்காம் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்ட கிருமி தோன்றுகிறது. ஏன் இப்படி மாறுகிறது? மருந்து உண்ணாத ஒருவர் உடலில் நாளொன்றுக்குப் பல நூறு கோடிக் கிருமிகள் புதிதாகப் பிறக்கின்றன. சொல்வதெழுதுதல் பாடத்தில் அவசரமாக எழுதும் பையனைப்போல, கிருமி தன்னைப் படியெடுக்கும்போது ஓயாமல் எழுத்துப் பிழை செய்கிறது. பிழைகளில் பெரும்பாலானவை அதற்கே கேடு. ஏதோ ஒரு பிழை மட்டும் புதிய கதவுக்குச் சாவியாகிவிடுகிறது.

எந்தக் கதவு என்று அறிவதால் நோயாளிக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு மனிதர்களின் கதையைச் சொல்கிறேன்.

ஐரோப்பாவின் வடபகுதி மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு, ஐந்தாம் கதவுக்கான மரபணுவில் தாய் வழியிலும் தந்தை வழியிலும் 32 எழுத்துகள் பிறவியிலேயே விடுபட்டிருக்கின்றன. இவர்களுக்கு ஐந்தாம் கதவே கிடையாது. அவர்களை எச்.ஐ.வி. பற்றுவது மிக அரிது. திமோத்தி ரே பிரவுன் என்னும் அமெரிக்கர் ஜெர்மனியின் பெர்லின் நகரில் வாழ்ந்தவர். அவருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது, பிறகு இரத்தப் புற்றுநோயும் வந்தது. மருத்துவர் கெரோ ஹூட்டர் 2007ஆம் ஆண்டில், ஐந்தாம் கதவு இல்லாத ஒருவரின் எலும்பு மச்சை அணுக்களைத் தேடிப் பிடித்து அவருக்குச் செலுத்தினார். புதிதாக ஊறிய இரத்தத்தில் ஐந்தாம் கதவு இல்லை. கிருமி மீண்டும் தலைகாட்டவே இல்லை. எச்.ஐ.வி.யிலிருந்து முற்றாக விடுபட்ட முதல் மனிதர் அவர்தான். 2020ஆம் ஆண்டில் அவர் காலமானதுகூடப் புற்றுநோய் திரும்பியதால்தான், எச்.ஐ.வி.யால் அல்ல.

அதே ஜெர்மனியில் எசன் நகரில் இன்னொரு நோயாளிக்கும் இதே சிகிச்சை செய்யப்பட்டது. அந்தச் செய்தி 2014ஆம் ஆண்டில் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. அவருக்கும் ஐந்தாம் கதவு இல்லாத இரத்தம் ஊறியது. ஆனால் கிருமி திரும்பி வந்தது, நான்காம் கதவு வழியாக! ஒரே சிகிச்சை, ஒருவருக்குப் பலித்தது, ஒருவருக்குப் பலிக்கவில்லை. கிருமி எந்தக் கதவைத் தட்டும் என்பதை அறிவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இத்தகைய சிகிச்சை ஆபத்தானது, எல்லாருக்கும் செய்யக்கூடியதன்று. ஆகவே, மாத்திரை வடிவில் ஐந்தாம் கதவை அடைக்கும் வழியைத் தேடினார்கள். மரவிராக் என்னும் மருந்து 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு முன் வந்த எச்.ஐ.வி. மருந்துகள் கிருமியைத் தாக்கின. இதுவோ மனிதனின் கதவைக் காக்கிறது. 2013ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர்கள் எடுத்த நுண்படத்தில், இந்த மருந்து கதவின் உட்புறக் குழியில் போய் அமர்ந்துகொண்டு கதவின் வடிவத்தையே மாற்றிவிடுவது தெரியவந்தது. பூட்டுக்குள் ஆணியைச் செருகிவிட்டால் சாவி திரும்பாதல்லவா, அதுபோலத்தான்.

ஆனால், நோயாளியின் உடலில் நான்காம் கதவைத் திறக்கும் கிருமி சிறிதளவு ஒளிந்திருந்தாலும் இந்த மருந்து வீண். ஐந்தாம் கதவுக் கிருமிகள் அடங்க, மற்றவை தாராளமாகப் பெருகிவிடும். எனவே, மருந்து கொடுக்குமுன் கதவைக் கண்டறிய வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடச் சோதனை ஒன்று இருந்தது. நோயாளியின் இரத்தத்திலிருந்து கிருமியின் முள்ளுக்குரிய மரபணுவை எடுத்து, தீங்கற்ற போலிக் கிருமி ஒன்றை உருவாக்குவார்கள். நான்காம் கதவு மட்டும் உள்ள அணுக்களிலும், ஐந்தாம் கதவு மட்டும் உள்ள அணுக்களிலும் அதை விட்டுப் பார்ப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் இரத்தத்தை அமெரிக்காவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், செலவும் மிகுதி. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் குறைந்தது 1,000 கிருமிகளாவது இல்லையென்றால் சோதனையே நடக்காது. இங்கேதான் கணிப்பொறி கைகொடுத்தது.

கணிப்பொறி எப்படி இதை அறியும்? என் வகுப்பறையிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். பிள்ளைகள் சில வேளைகளில் பெயர் எழுதாமலே நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் திறந்து பார்த்ததும், இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவேன். எப்படி? ஒருத்தி ‘ழ’கரத்தின் வாலை நீட்டி எழுதுவாள், ஒருவன் புள்ளி வைக்க மறப்பான், இன்னொருவனின் வரிகள் மேலேறிப் போகும். ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை. பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்து, எது யாரிடம் அதிகம் என்று மனத்துக்குள் கணக்குப் போடுகிறேன். இதற்கு முன் அவர்களுடைய நூறு நோட்டுகளைத் திருத்தியிருப்பதால்தான் அது முடிகிறது.

கணிப்பொறியும் இதையே செய்கிறது. நான் முன்பு சொன்ன வி3 வளையம் பெரும்பாலும் 35 மணிகள் கோத்த ஒரு மாலை. மணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். மணிகளில் 20 வகை உண்டு. 35 இடங்களிலும் 20 வகைகளை மாற்றி மாற்றிக் கோத்தால் எத்தனை மாலைகள் வரும்? ஒன்றை எழுதி 45 பூச்சியங்கள் போட்டாலும் போதாது! அத்தனையையும் மனிதன் சோதித்துப் பார்க்க இயலாது.

1990களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் ஓர் எளிய விதியைக் கவனித்தனர். 11ஆம் இடத்திலோ 25ஆம் இடத்திலோ நேர் மின்னூட்டமுள்ள மணி இருந்தால், அந்தக் கிருமி நான்காம் கதவைத் திறக்கக்கூடியது. ஐந்தாம் கதவைவிட நான்காம் கதவின் முகப்பில் எதிர் மின்னூட்டம் அதிகம். நேரும் எதிரும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனால், இந்த ஒரு விதியை மட்டும் நம்பினால் நான்காம் கதவுக் கிருமிகள் பல நழுவிவிடுகின்றன. ‘ழ’கரத்தின் வாலை மட்டும் பார்த்து நோட்டுக்கு உரியவரைச் சொல்வது போன்றது அது.

ஆகவே, 35 இடங்களையும் சேர்த்துப் பார்க்கும் முறைகளை வகுத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே சோதித்து, எந்தக் கதவு என்று திட்டமாகத் தெரிந்த கிருமிகளின் மாலைகளைக் கணிப்பொறிக்குக் கொடுத்தார்கள். இன்ன இடத்தில் இன்ன மணி இருந்தால் நான்காம் கதவுக்கு இத்தனை புள்ளி, ஐந்தாம் கதவுக்கு இத்தனை புள்ளி என்று அது கணக்கிட்டு வைத்துக்கொண்டது. புதிய நோயாளியின் மாலை வந்ததும் 35 இடங்களின் புள்ளிகளையும் கூட்டி விடை சொல்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2003ஆம் ஆண்டில் இப்படி ஒரு முறை வெளியாயிற்று. ஜெர்மனியின் சார்புருக்கன் நகரில், மாக்ஸ் பிளாங்க் கழகத்தில் தாமஸ் லெங்காவர் என்பவரின் குழு உருவாக்கிய முறை, தெரிந்த மாலைகளை இரண்டு குவியலாக்கி, நடுவே மிகப் பொருத்தமான எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்கிறது. புதிய மாலை கோட்டின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதே விடை. மாலையின் எழுத்துகளை அனுப்பினால் சில விநாடிகளில் பதில் வந்துவிடும்.

மரவிராக் மருந்தின் சோதனையில் பங்கெடுத்த நோயாளிகளின் இரத்தத்தைப் பின்னர் இம்முறையில் ஆராய்ந்தபோது, கணிப்பொறி தேர்ந்தெடுத்தவர்களுக்கும் ஆய்வுக்கூடச் சோதனை தேர்ந்தெடுத்தவர்களுக்கும் மருந்தின் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2011ஆம் ஆண்டில் ஐரோப்பிய மருத்துவர்களின் வழிகாட்டி நெறிகள் கணிப்பொறி முறையை ஏற்றுக்கொண்டன.

கணிப்பொறி தவறே செய்யாதா? செய்யும். தவறு இரண்டு வகை. ஐந்தாம் கதவுக் கிருமியை நான்காம் கதவுக் கிருமி என்று சொல்லிவிட்டால், பலன் தரக்கூடிய மருந்து ஒருவருக்குக் கிடைக்காமற்போகும். அது நட்டமே, எனினும் வேறு மருந்து உண்டு. நான்காம் கதவுக் கிருமியைக் காணாமல் விட்டுவிட்டாலோ, மருந்து தோற்று நோய் முற்றும். ஆகையால், முதல் வகைத் தவறுக்கு நூற்றுக்குப் பத்து வரை இடங்கொடுத்தாலும் பாதகமில்லை, இரண்டாம் வகைத் தவறு குறைய வேண்டும் என்று கோட்டைச் சற்றே நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். கோட்டை எங்கே போடுவது என்பதைக் கணிப்பொறி தீர்மானிப்பதில்லை. நோயாளியின் நலனை எண்ணி மனிதர்களே தீர்மானிக்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. அது நம்மைத் தொடுவது. வேறு தோட்டத்திலிருந்து புதிதாக ஒரு பையன் என் பள்ளியில் சேர்ந்தால், அவன் எழுத்தை நான் அடையாளம் காண முடியாது. வேறு யாருடையது என்றோ தவறாகச் சொல்லிவிடுவேன். கணிப்பொறிக்குப் பாடமாகக் கொடுத்த மாலைகளில் மிகப் பல, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியுள்ள ‘பி’ என்னும் வகைக் கிருமிகளுடையவை. தென்கிழக்காசியாவில் மிகுதியாகக் காணப்படுவதோ ‘ஏ.இ.’ என்னும் வகை. இந்த இரண்டும் கலந்து உருவான ஒரு புதிய வகையைக் கோலாலம்பூரில் கண்டதாக 2006ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். உலகப் பட்டியலில் அதற்கு 33 என்னும் எண் தரப்பட்டது. நம் நாட்டுக் கிருமியின் எழுத்தை அதிகம் பார்க்காத கணிப்பொறி, நம் நோயாளியின் நிலையைத் தவறாகக் கணிக்க இடமுண்டு. ஆதலால்தான் நம் பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆராய்ச்சி அவசியமாகிறது. நம்மவர் யாராவது ஆய்வுக்கு இரத்தம் கொடுத்தால், அது அவருக்கு மட்டும் செய்யும் நன்மை அன்று. கணிப்பொறிக்குப் பாடம் புகட்டுவதாகும்.

எழுத்துகளைக் கொண்டு கணிப்பது ஒரு முறை. அணுக்களையே கணிப்பொறிக்குள் அசையவிட்டுப் பார்ப்பது மற்றொரு முறை. முள்ளின் வடிவத்தை நுண்கருவிகளால் அளந்து, ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். 1998ஆம் ஆண்டில் பீட்டர் குவாங், வேய்ன் ஹெண்டிரிக்சன் ஆகியோரின் குழு, ஜி.பி.120இன் மையப் பகுதி சி.டி.4 புரதத்தைப் பற்றியிருக்கும் வடிவத்தை வெளியிட்டது. இப்படிப்பட்ட வடிவங்களை வைத்துக்கொண்டு, ஓர் அணு மற்றோர் அணுவை எவ்வளவு வலிவோடு இழுக்கும், தள்ளும் என்று கணக்குப் போட்டு, எல்லா அணுக்களையும் ஒரு நொடிப்பொழுதின் மிகச் சிறு துணுக்கு அளவுக்கு நகர்த்துவார்கள். பின்னர் மறுபடியும் கணக்கு, மறுபடியும் நகர்த்தல். அந்தத் துணுக்கு எவ்வளவு சிறியது? ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஓரிரு கூறுகள்! 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கிளாவ்ஸ் சுல்ட்டன் முதலியோர், கிருமியின் உட்கூட்டை இவ்வாறு 6 கோடியே 40 இலட்சம் அணுக்களைக் கொண்டு அசைத்துப் பார்த்தார்கள். உயிரணுவுக்குள் இறங்கும் சரக்கைப் பொதிந்திருக்கும் கூடு அதுதான்.

இன்று பெரும்பாலான நோயாளிகளுக்குக் கதவைப் பற்றிய சோதனை தேவைப்படுவதில்லை. கிருமியின் வேறு உறுப்புகளைத் தாக்கும் நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. அந்த மாத்திரைகள் பலிக்காத சிலருக்குத்தான் கதவை அடைக்கும் மருந்து கைகொடுக்கிறது. மருந்தை நாள் தவறாமல் உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிலைத்துவிட்டால், கணவனிடமிருந்து மனைவிக்கோ, மனைவியிடமிருந்து கணவனுக்கோ உடலுறவின் வழியாக அது பரவுவதில்லை. கருவுற்ற தாய்மார்களை முன்கூட்டியே சோதித்து மருந்து கொடுத்ததன் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2018ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இந்தச் சான்றைப் பெற்ற முதல் நாடு நம் நாடு.

இனி, அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். குவளை ஏன் தீங்கு செய்யாது? கிருமிக்கு வேண்டிய கதவுகள் இரத்தத்தில் ஓடும் அணுக்களிலும், உடலின் உட்புற மென்தோலுக்கு அடியிலுள்ள அணுக்களிலும் இருக்கின்றன. கையின் தோலில் இல்லை, தட்டில் இல்லை, பாயில் இல்லை. உமிழ்நீரின் வழியாக இது தொற்றுவதில்லை. உடலை விட்டு வெளியே வந்து காய்ந்துபோன கிருமி வலுவிழந்துவிடுகிறது. அது உயிரணுவின் கதவை அடைய வேண்டுமானால் பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒருவர் குத்திய ஊசியை மற்றொருவர் குத்திக்கொள்வது, கிருமியுள்ள இரத்தத்தை ஏற்றிக்கொள்வது, மருந்தெடுக்காத தாயிடமிருந்து கருவிலோ பேறுகாலத்திலோ தாய்ப்பாலிலோ குழந்தைக்குச் செல்வது என்று சில வழிகள்தாம் உண்டு. ஒன்றாக உண்பதும், ஒரே பாயில் படுப்பதும், கட்டித் தழுவுவதும் அந்தப் பட்டியலில் இல்லை. இவற்றில் எதுவும் கிருமியைக் கதவருகே கொண்டுசெல்வதில்லை.

ஐயமிருப்பவர்கள் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் சென்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. காலத்தோடு அறிந்தால் மருந்து உண்டு, ஆயுளும் உண்டு.

அந்த இளைஞர் பிறகு மருந்தெடுத்து உடல் தேறிப் பட்டணத்துக்கே திரும்பிவிட்டார். அவர் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், புறப்பட்ட நாளன்று அந்தக் குவளையைக் கழுவித் தம் பையில் வைத்து எடுத்துப்போனார் என்று என் மாணவி வந்து சொன்னாள். “பிள்ளைங்க தெரியாம எடுத்துக் குடிச்சிடப் போறாங்க” என்று பாட்டியிடம் சொன்னாராம். குவளையால் எவருக்கும் எதுவும் வராது என்பதை அவருக்கும் யாரும் காரணத்தோடு சொல்லவில்லை. அப்படிச் சொல்லாதவர்களில் நானும் ஒருவன்.

நேயர்களே, உங்கள் லயத்திலோ உறவிலோ பின்கட்டில் ஒரு குவளை தனியே இருக்குமானால், இன்று மாலையே அதை எடுத்து வந்து மற்றக் குவளைகளோடு அடுக்கி வையுங்கள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், கிருமி தட்டும் கதவு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.